தில்லை நகர் வாசலில் அத்தைமார்

சேசு மரி சூசை

மேலப்புதூர், திருச்சி
8-1-84

அன்பு மகள் ரோசரிக்கு, இத்தனை தூரத்திலிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அம்மா எழுதுவது.

இங்கே உன் அப்பாவுக்கு மூட்டுவலி, எனக்குக் கோபம். மற்றபடி இருவரும் சுகம். ராஞ்சியில் குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று எழுதியிருந்தாய். கம்பளிச் சட்டை ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நிறம் பிடிக்கவில்லை என்றாலும் உள்ளே போட்டுக்கொள். மடத்தில் யார் நிறம் பார்க்கப்போகிறார்கள்?

கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதம் மூன்றாம் தேதிதான் வந்தது. அருள்நாதன் சாரை மன்னித்துவிட்டேன், நீங்களும் மன்னித்துவிடுங்கள் அம்மா என்று எழுதியிருக்கிறாய். பாஸ்கா பண்டிகை முடிந்ததும் துறவற உடுப்பு வாங்கப்போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அப்பா இரண்டையும் படித்துவிட்டு, பிள்ளை நம்மைவிடப் பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை. நான் உன்னைவிடச் சின்ன மனுஷி. அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

மன்னிக்கிறவர்களுக்கு மறதி அதிகம். ஆகவே நானே ஞாபகப்படுத்துகிறேன். காலேஜ் முடித்த கையோடு அந்த மலர்ச்சித் தொழில் மையத்தில் இரண்டு வருட ஃபெல்லோஷிப் என்று நீ வந்து நின்றபோது, பெண் பிள்ளையை ஃபெல்லோ என்கிறார்களே என்று அப்பா சிரித்தார். உய்யகொண்டான் வாய்க்கால் கரையில் அந்தக் கரைமேட்டுக் குடிசைகளுக்கு நடுவிலேயே ஒரு குடிசையில் தங்க வேண்டும் என்பது விதி. அனுப்பினோம். அங்கேயுள்ள பெண்கள் காலம் காலமாக வியாபாரிகளிடம் கூலிக்கு வாங்கி, மூக்குத்திக்கும் தோட்டுக்கும் போகிற செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தார்கள். மையம் அவர்களுக்கென்று பட்டறை போட்டுக் கொடுத்தது. இரண்டு வருடத்தில் அந்தப் பட்டறை பெண்கள் கைக்கே வந்துவிடும், ஃபெல்லோவின் வேலையே தன் வேலையை இல்லாமல் பண்ணிக்கொள்வதுதான் என்று டைரக்டர் அருள்நாதன் மேடைக்கு மேடை சொன்னார். எனக்கே புல்லரித்தது.

இரண்டு வருடம் முடியப்போகிற சமயம். ஆண்டு விழாவில், மையத்துக்குப் பணம் அனுப்புகிற ஹாலந்து விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது, நீ எழுந்து, பட்டறையை எப்போது பெண்கள் பேருக்கு மாற்றப்போகிறீர்கள் சார் என்று கேட்டாய். நல்ல கேள்வி என்று கை தட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் பங்குச் சாமியாரிடம் போய், உனக்காக ரொம்பக் கவலைப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பட்டறை மோட்டார் ரிப்பேருக்கு வரும் அந்தப் பையன் மீரானோடு நீ குடிசைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். ஃபெல்லோஷிப் போயிற்று. உனக்கு மாப்பிள்ளை பேசியிருந்த கைலாசபுரத்துக்காரர்கள் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உன் தைரியத்தை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். நான் தேடிக்கொண்டிருந்தேன் ரோசரி. பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறர் பிழையைப் பொறுப்பது பற்றி வரும் இடத்தில் மட்டும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. தெய்வம் நின்று கொல்லும் என்று உன் அப்பா ஆறுதல் சொல்கிறார். அது நிற்கட்டும். எனக்கு நின்று நின்று கால் வலிக்கிறது.

இப்போது மூடி கிடைத்திருக்கிறது. போன பொங்கலுக்கு அருள்நாதன் கரைமேட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சைச் சேலை கொடுத்தது உனக்குத் தெரியும். எனக்குக் கூடப்பிறந்த பெண் ஒருத்தியும் இல்லை, இனி நீங்கள்தான் என் தங்கச்சிமார், இது அண்ணன் சீர் என்று மைக்கில் சொல்லி, படம் எடுத்து, அந்தப் படத்தை மையத்தின் புத்தகத்திலும் போட்டுக்கொண்டார். பிப்ரவரி ஆறாம் தேதி அவர் மகனுக்குக் கல்யாணம். மாதாகோயிலில் தாலி கட்டி, தில்லை நகர் வீட்டுக்கு மணமக்களை அழைத்து வந்து, பிறகு ஹாலில் விருந்து. ஹாலந்துக்காரர்களும் வருகிறார்கள். தங்கச்சிமாருக்குப் பத்திரிகை இல்லை. விருந்து முடிந்து மிஞ்சுவதை வேன் போட்டுக் கரைமேட்டுக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இதைக் கரைமேட்டுச் சாரா பீவிதான் என் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து சொன்னாள். அவள் கோபத்தில் எச்சில் தெறித்தது. மிச்சச் சோத்துக்கா டீச்சரம்மா சேலை குடுத்தாரு என்றாள். நான் அவளை மரத்தடியில் உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டேன். அண்ணன் சீர் வாங்கினவள் அண்ணன் மகனுக்கு என்ன முறை? அத்தை. அத்தைக்குக் கல்யாண வீட்டில் என்ன உரிமை? சாரா பீவி சிரிக்க ஆரம்பித்தாள் பார், மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும் வரை நிறுத்தவில்லை.

மீதியை நடந்த பிறகு எழுதுகிறேன். நீ செபம் பண்ணிக்கொள். யாருக்காக என்று நான் சொல்லமாட்டேன்.

கம்பளிச் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொல்லும்,
அம்மா பாக்கியமேரி


சேசு மரி சூசை

மேலப்புதூர், திருச்சி
26-2-84

அன்பு ரோசரிக்கு அம்மா எழுதுவது.

வேண்டாம் அம்மா, எதையும் கிளறாதீர்கள் என்று நீ எழுதிய கடிதம் கல்யாணத்துக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. தபால்காரர் புண்ணியவான். அவர் தாமதித்திருக்காவிட்டால் அப்பா அதைப் படித்துவிட்டு என்னை வீட்டில் வைத்துப் பூட்டியிருப்பார். பட்டாணி உறைந்துபோயிருக்கிறது, தோட்டத்தில் உறைபனி என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. சட்டை வந்ததா என்று ஒரு வரி எழுத உனக்கு மனம் வரவில்லை.

இனி நடந்ததைக் கேள். உட்கார்ந்து படி.

அன்று விடியும்போதே கரைமேட்டு அங்கம்மாவும் நானும் ஸ்ரீரங்கத்துப் பூச்சந்தைக்குப் போய் மாலையும் உதிரிப்பூவும் வாங்கி வந்தோம். கரைமேட்டில் பெண்கள் குளித்து முழுகி, பூ வைத்து, எல்லாரும் அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தை வெறுங்கையோடு போகக் கூடாது அல்லவா? வாழைப்பழம், தேங்காய், கற்கண்டு, மஞ்சள், மணப்பெண்ணுக்கு ஒரு சேலை என்று தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் வைத்தோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டதுதான். தட்டுகளை மீரான் தன் மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வந்தான். சாரா பீவியின் தங்கை மகன் அவன் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. வரவேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். தட்டை இறக்கிவிட்டு எதிர்வரிசையில் நின்றுகொள்கிறேன் டீச்சர் என்றான்.

தில்லை நகரில் அந்த வீட்டு வாசலில் வாழைமரம் கட்டி, சீரியல் விளக்கு போட்டு, நாதஸ்வரக்காரர்களையும் உட்காரவைத்திருந்தார்கள். மாதாகோயிலிலிருந்து கார் வரும் நேரத்துக்குச் சரியாக நாங்கள் தெருமுனையில் திரும்பினோம். பச்சைச் சேலையில் அத்தனை பெண்கள் தட்டோடு வருவதைப் பார்த்து நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, சம்பந்தி வீட்டுச் சீர் என்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். எங்களுக்கு மேளமே கிடைத்தது.

ஆரத்தி எடுக்க அவர்கள் மதுரையிலிருந்து யாரோ ஒன்றுவிட்ட உறவுக்காரியை ஏற்பாடு பண்ணியிருந்தார்கள். அந்த அம்மாள் தட்டோடு நின்றாள். அங்கம்மா அவள் கையைப் பிடித்து, நீங்க உக்காருங்கம்மா, சொந்த அத்தைங்க நாங்க இத்தன பேரு இருக்கோம்ல என்று மரியாதையாகத் தட்டை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாள் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டாள். மணமக்கள் இறங்கினார்கள். பின்னால் அருள்நாதன், பட்டு வேட்டியில். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஆனால் பின்காரில் ஹாலந்துக்காரர்கள். பக்கத்தில் சம்பந்தி வீட்டார். பங்குச் சாமியார் வேறு. சிரித்தார், பாவம். அந்த ஆளைப் பாவம் என்று நான் எழுதுவது இதுதான் முதலும் கடைசியும்.

அங்கம்மா சுற்றிப் பொட்டு வைத்தாள். மாப்பிள்ளைப் பையன் அத்தைங்களா என்று கூச்சத்தோடு சிரித்தான். அவனிடம் எனக்கு வருத்தம் இல்லை. பிறகு சாரா பீவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் நிலையில் குறுக்கே கையை வைத்தாள். அத்தைக்கு உண்டானதைக் குடுத்துட்டு உள்ள போங்கண்ணே என்றாள். கூட்டம் சிரித்தது. சம்பந்தி அம்மாள், ஆமாம் ஆமாம், முறைதானே என்று எடுத்துக் கொடுத்தாள். வாசல் மறிப்பது எந்த வீட்டுக் கல்யாணத்தில் இல்லை? ஹாலந்துக்காரி படம் எடுக்க முன்னால் ஓடி வந்தாள்.

அருள்நாதன் பையிலிருந்து நோட்டை எடுத்தார். சாரா பீவி தலையை ஆட்டினாள். ஆளுக்கொரு சேலை என்றார். அண்ணன் குடுத்த சேலைதான் கட்டியிருக்கோம், அது போதும் என்றாள். பின்னே என்னதான் வேண்டும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். எங்க ரோசரிப் பொண்ணு பேர்ல நீங்க சொன்னது பொய்யின்னு இந்தச் சபையில சொல்லுங்கண்ணே, வழி விடுறோம் என்றாள்.

நாதஸ்வரம் நின்றுபோயிற்று. சாமியார் தரையைப் பார்த்தார். சம்பந்தி யார் ரோசரி என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். அவர் அருள்நாதனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்திருக்கிறேன். அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். புதுப் பெண் வெயிலில் நிற்கிறாள். வாசல் தாண்டும் முன் பெண்ணைத் திருப்பி அனுப்பவும் முடியாது, ஊர் பார்க்கப் படம் எடுத்துத் தங்கச்சி என்று போட்டவர்களைப் பிடித்துத் தள்ளவும் முடியாது. நுணல் தன் வாயால் கெட்டது.

சொன்னார் ரோசரி. ரோசரி பேரில் எந்தக் குற்றமும் இல்லை என்றார். வெற்றிலைக்குள் பேசுகிற மாதிரி சொன்னார். பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலண்ணே என்றாள் சாரா பீவி. மறுபடி சொன்னார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், ரோசரிக்கும் மீரானுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது, எப்போதும் கிடையாது, அவள் தங்கமான பெண் என்று வேர்த்து வடிந்துகொண்டு உரக்கச் சொன்னார். பச்சைச் சேலைகள் கை தட்டின. நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். எதிர்வரிசையில் மீரான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். இத்தனை பேர் முன்னால் பெயர் அடிபட்டதில் வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

பிறகு விருந்து. அத்தைமார் முதல் பந்தியில் சாமியாருக்கு எதிரே உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை.

இப்போது ஊரில் அவரைத் தங்கச்சிமார் அண்ணன் என்கிறார்கள். காய்கறிக் கடையில் அவர் மனைவி தலையைக் காட்டுவதில்லையாம். பழிக்கு, பட்டறையைப் பழுது பார்ப்பதாகச் சொல்லிப் பூட்டிவிட்டார். பெண்கள் மறுபடி வியாபாரியிடம் கூலிக்குக் கல் வாங்கித் தீட்டுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, சாரா பீவியிடம் போய்ச் சொன்னேன். அவள், பூட்டு அவருது டீச்சரம்மா, கை எங்களுது என்றாள். ஹாலந்துக்காரி கரைமேட்டுக்கே நேரில் வந்து, கூட ஒரு காலேஜ் பெண்ணைத் தமிழ் சொல்ல வைத்துக்கொண்டு, பட்டறை யாருடையது என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவருக்கு இன்னும் இருக்கிறது. நான் அவசரப்படவில்லை.

கைலாசபுரத்திலிருந்து அந்த மாப்பிள்ளையின் தகப்பனார் வந்தார். தெரியாமல் நடந்துவிட்டது, பெண் திரும்பி வந்தால் பேசலாம் என்றார். உன் அப்பா பேச ஆரம்பிப்பதற்குள் நான் அவருக்கு மோர் கொடுத்து, வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள் என்று அனுப்பிவிட்டேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் பெயர் சுத்தமாகிவிட்டது, இனி நீ தலை நிமிர்ந்து வரலாம், தலை நிமிர்ந்தே மடத்துக்கும் போகலாம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தை அங்கேயே முடித்திருப்பேன்.

நேற்று மீரான் வந்தான்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினான். சவூதிக்கு விசா வந்துவிட்டதாம். மார்ச் கடைசியில் பம்பாய் போய் அங்கிருந்து கப்பலோ விமானமோ ஏறுகிறானாம். சொல்லிக்கிட்டுப் போக வந்தேன் டீச்சர் என்றான். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான், குடிக்கவில்லை. அப்புறம் கேட்டான். அங்க ராஞ்சியில அரிசிச் சோறு கிடைக்குமா டீச்சர், அவங்களுக்குத்தான் சப்பாத்தி தின்னா வயித்த வலிக்குமே என்றான்.

உனக்குச் சப்பாத்தி ஆகாது என்பது எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்குத் தெரியாது.

உன் விலாசம் கேட்டான். எழுதி வைத்த இடம் ஞாபகமில்லை என்றேன். சரிங்க டீச்சர் என்று ஆறின காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை அவனே முற்றத்தில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. கதவைச் சாத்தினாய் என்றது பொய். அதில் எனக்கு ஒரு நூல் சந்தேகம் கிடையாது, நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் கிடையாது, எப்போதும் கிடையாது என்று ஊர் முன்னால் அந்த ஆளைச் சொல்ல வைத்து, உள்ளங்கை சிவக்கக் கை தட்டினவள் நான். உன் மனதில் ஒன்று இருந்தால் அதை எடுத்துக் கடைத்தெருவில் விற்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? நீயே உன் வாயால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை, அது பொய் என்று நானே கத்தி வாங்கும்படி பண்ணிவிட்டாரே. நேற்று வரை அவர் மேல் எனக்கு ஒரு கோபம்தான் இருந்தது. இன்று இரண்டு. அவரை மன்னிக்கும் வேலையை நீயே பார்த்துக்கொள். எனக்கு இந்த ஜென்மத்தில் நேரம் ஒழியாது.

ரோசரி, கடவுள் உன்னைக் கூப்பிட்டிருந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். உடுப்பு வாங்கும் அன்று முன்வரிசையில் வந்து முழங்காலில் நிற்பேன். ஆனால் வெட்கத்துக்குப் பயந்தோ, எனக்குப் பயந்தோ நீ அந்தக் கதவுக்குள் போகிறாய் என்றால், நான் வெறும் டீச்சர் அல்ல, வாசலை மறிக்கத் தெரிந்தவள். சாமியார் என்ன சொல்வார், அப்பா என்ன ஆவார், மீரான் வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அது இருக்கட்டும். நீ எதை உடுத்தினாலும் உன்மேல் என் ஆசீர்வாதம் இருக்கிறது.

எனக்கு மட்டும் பதில் எழுது. பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு. நீளமாக வேண்டாம், மார்ச் முடிவதற்குள் கிடைத்தால் போதும்.

அவன் உன் விலாசம் கேட்டான். கொடுக்கட்டுமா?

உன்,
அம்மா